சாரணர் முகாமும் வீட்டு அடுப்படியும்

அன்புள்ள ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பு. ஒரு காபி போடத் தெரியாது. "நாங்களெல்லாம் ஹைஸ்கூல்லயே சமைக்கப் படிச்சவங்க" என்று மாமனார் அடிக்கடி சொல்வார். அப்படி ஒரு பாடம் இருந்ததா? அந்தக் காலத்தில் பர்மா, மலேயா போன செட்டிநாட்டுப் பையன்களும் சமையல் தெரிந்துகொண்டுதான் கப்பல் ஏறினார்களாமே?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொல்வது சாரணர் முகாமாகத்தான் இருக்கும். நான் படித்த காலத்தில் பையன்களுக்குச் சமையல் வகுப்பு கிடையாது, மனையியல் பெண்களோடு சரி. சாரணர் இயக்கத்தில்தான் சமையல் ஒரு தேர்வு. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் காலத்து விதிப்படி இரண்டே தீக்குச்சிக்குள் அடுப்பு பற்ற வேண்டும். கால் பவுண்டு இறைச்சியும் இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு தூக்குச் சட்டியை மட்டும் வைத்து வெந்தாக வேண்டும். நம் ஊருக்கு வந்தபோது அது சோறும் சாம்பாருமாகிவிட்டது.

செம்மண் பொட்டலில் கல் கூட்டி, கருவேல விறகு வைப்போம். குண்டானின் வெளிப்பக்கம் முழுக்க ஈரமண்ணைக் குழைத்துப் பூசிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவது. அப்போதுதான் கரி மண்ணோடு கழன்று வரும், தேய்க்கிறவன் தப்பித்தான். சோறு பொங்குவதுகூடச் சுலபம், கஞ்சி வடிப்பதுதான் கண்டம். மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்துச் சரிக்கும்போது கை நடுங்கினால் அத்தனை பேர் சாப்பாடும் மண்ணில். வடிக்கிறவனுக்கு யோசனை சொல்ல ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், குண்டானைப் பிடிக்க ஒருத்தன் வரமாட்டான். சாம்பாருக்கு இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போடுவதும் நடக்கும்.

கப்பல் ஏறிய பையன்கள் கதை வேறு. செட்டியார்கள் அங்கே தங்கித் தொழில் நடத்திய கட்டிடம்தான் கிட்டங்கி. அதில் பொறுப்பாளரான மேலாள், அவருக்கு அடுத்தபடியாக அடுத்தாள், தொழில் பழகும் பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. சமையலுக்குத் தனி ஆள். பையன் கற்றது வட்டிக்கணக்கும் பேரேடும். வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் ஊரோடு இருந்துவிட்டார்கள். மூன்று வருட வேலைக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்வரை ஆண்கள் மட்டுமே புழங்கிய இடத்திலும் சமையல் ஒருவர் தலையில்தான்.

நம் பக்கம் கல்யாணப் பந்திக்குச் சமைக்கிறவர்களும் ஆண்கள்தானே? சம்பளத்துக்குச் சமைப்பார்கள், முகாமில் பேட்ஜுக்காகச் சமைப்பார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அடுப்படிப் பக்கம் கால் போகாது. முகாமில் குண்டான் தேய்த்த பையன், மறுநாள் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் பள்ளியில் பாடம் வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. உங்கள் மாமனாரையே கேட்டுப் பாருங்கள், முகாமுக்கு அப்புறம் எத்தனை நாள் சோறு வடித்தார் என்று. (நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

மகனுக்கு நம் பக்கத்துப் புளிக்குழம்பு வகையான வெண்டைக்காய் மண்டி சொல்லிக்கொடுங்கள். புளியை அரிசி களைந்த தண்ணீரில் கரைக்கட்டும். சின்ன வெங்காயம், பூண்டோடு காய் நன்றாக வதங்கிய பிறகுதான் புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் வழவழப்பு போகாது. முதல் தடவை காரம் கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் கரண்டியை வாங்காதீர்கள்.