பாட்டு ஃபைல்களை ஒழுங்குபடுத்த சாஃப்ட்வேர் வாங்கணுமா?

கேள்வி: கம்ப்யூட்டரில் பல வருடமாகச் சேர்த்த பாட்டுகள் 9,000-க்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு "டிராக் 01", "அன்னோன் ஆர்ட்டிஸ்ட்" என்றுதான் பெயர். ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் சரிசெய்து ஆல்பம் படம் வரை போட்டுத் தருவதாக ஒரு சாஃப்ட்வேர் விளம்பரம் பார்த்தேன், வருடச் சந்தா கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த சாஃப்ட்வேர் செய்வதாகச் சொல்கிற வேலையை இலவசமாகவே செய்கிற நல்ல கருவிகள் இருக்கின்றன. அதுபோக, "ஒரே கிளிக்" என்பது இந்த வேலையில் யாராலும் தர முடியாத வாக்குறுதி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் இந்த மாதிரி விளம்பரம் எது வந்தாலும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

முதலில் "டிராக் 01" எங்கிருந்து வந்தது? சாதாரண ஆடியோ சிடியில் பெரும்பாலும் பாட்டின் பெயர் எழுதப்பட்டே இருக்காது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற அட்டவணை மட்டும்தான் உண்டு. சிடியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது சாஃப்ட்வேர் அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு இணையத்தில் உள்ள ஒரு தகவல் தளத்தில் தேடிப் பெயர்களைக் கொண்டுவரும். அன்றைக்கு இணையம் இல்லை, அல்லது அந்த சிடி தளத்தில் பதிவாகவில்லை என்றால் வெறும் எண்ணோடு நின்றுவிடும். அதனால் அந்த சிடிக்கள் இன்னும் கையில் இருந்தால், ஃபைலைப் போட்டு உருட்டுவதைவிட சிடியையே மறுபடி மாற்றிக்கொள்வது பல நேரம் சீக்கிரம் முடிகிற வேலை, தரத்தை உயர்த்தி வைத்து மாற்றினால் ஒலியும் பழைய ஃபைலைவிட நன்றாக அமையலாம்.

சிடி இல்லையென்றால் மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற கருவி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பாட்டின் ஒலியையே அலசி அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு அடையாளம் எடுத்து, மியூசிக்பிரெயின்ஸ் தளத்தில் யார் பாடியது, எந்த ஆல்பம் என்று தேடித் தரும். சந்தா கேட்கிற சாஃப்ட்வேர்களின் அடிப்படை உத்தியும் இதுவேதான்.

சிக்கல் இங்கேதான். அந்தக் கைரேகை பாட்டை அடையாளம் காட்டும், ஆல்பத்தைக் காட்டாது. ஒரே ஒலிப்பதிவு மூல ஆல்பத்தில் இருக்கும், பிறகு வந்த "சிறந்த பாடல்கள்" தொகுப்பில் இருக்கும், இன்னும் நாலு தொகுப்பில் இருக்கும், உங்களிடம் இருப்பது எதிலிருந்து வந்தது என்று ஒலியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 9,000 பாட்டையும் மொத்தமாகக் கொடுத்து ஒரு கிளிக் செய்தால், ஒரு ஆல்பத்தின் பத்துப் பாட்டும் ஏழு ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கும், அதைத் திரும்பச் சேர்ப்பது முதல் வேலையைவிடப் பெரிய வேலை. அப்புறம், சின்னக் கச்சேரிப் பதிவு, வீட்டில் யாராவது பாடியது, பழைய கேசட்டிலிருந்து எடுத்தது இதெல்லாம் எந்தத் தளத்திலும் இருக்காது, நாம்தான் உட்கார்ந்து தட்டச்சு செய்யணும்.

அதனால் பிக்கார்டில் ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர் மட்டும் போடுங்கள். ஏற்கனவே பெயர் ஓரளவு இருக்கிற ஆல்பங்களுக்கு "லுக்கப்" போதும், அது இருக்கிற பெயரை வைத்துத் தேடும். ஒன்றுமே தெரியாத ஃபைல்களுக்கு மட்டும் "ஸ்கேன்", ஒலியை வைத்துத் தேடுவது அதுதான். பொருத்தம் எவ்வளவு என்பதை நிறத்தில் காட்டும், பச்சையாக இருப்பதைக்கூட ஆல்பம் பெயர் சரிதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு சேவ் செய்யுங்கள். ஃபைலின் பெயரை மாற்று, வேறு ஃபோல்டருக்கு நகர்த்து என்ற இரண்டு வசதிகளையும் ஆரம்பத்தில் அணைத்தே வையுங்கள். டேக் (பாட்டு, பாடகர், ஆல்பம் என்று ஃபைலுக்குள்ளே எழுதியிருக்கும் விவரம்) சரியான பிறகு அதை நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

கையால் திருத்த எம்பி3டேக் என்ற இன்னொரு கருவி. பெயர்தான் அப்படி, மற்ற வகை ஃபைல்களையும் திருத்தும். விண்டோஸில் இலவசம், மேக்கில் கட்டணம் உண்டு. மேக் வைத்திருப்பவர்கள் கிட்3 என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். "பாடகர் - பாட்டு" என்று ஃபைல் பெயரிலேயே விவரம் இருந்தால், அதைப் பிரித்து டேக்கில் நிரப்பும் வசதி இரண்டிலும் இருக்கிறது, இதில் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சமில்லை.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் முழுத் தொகுப்பையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். சந்தாவுக்குப் போகிற பணத்தை இதற்குப் போடுங்கள். இந்த வேலைக்கு உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான்.

கேள்வி: ஃபோல்டர்களை எல்லாம் மிகச் சுத்தமாக அடுக்கி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறது. ஆனால் போனில் ஏற்றினால் ஒரே படத்தின் பாட்டுகள் ஆறு ஆல்பமாகப் பிரிந்து தெரிகின்றன. போனை மாற்றணுமா?

பதில்: போன் மேல் தப்பில்லை. பெரும்பாலான பிளேயர்கள் உங்கள் ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஃபைலுக்குள்ளே எழுதியிருக்கும் டேக்கை மட்டும்தான் படிக்கும். ஒரு படத்தில் ஆறு பேர் பாடியிருந்தால், "ஆர்ட்டிஸ்ட்" என்ற இடத்தில் ஆறு வெவ்வேறு பெயர் இருக்கும், "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற இடம் காலியாக இருக்கும். பிளேயர் ஆறு பேருக்கும் தனித்தனி ஆல்பம் என்று முடிவு செய்துவிடுகிறது.

திரைப்படப் பாட்டுகளுக்கு என் பரிந்துரை இது: ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி இசையமைப்பாளர் பெயர், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடியவர்கள், "கம்போசர்" என்ற இடத்தில் மறுபடி இசையமைப்பாளர். அப்போது இசையமைப்பாளர் வாரியாகவும் தேடலாம், பாடகர் வாரியாகவும் தேடலாம். பலரும் பாடகர் இடத்திலேயே இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள், பாடியவர் பெயர் எங்குமே இல்லாமல் போய்விடுகிறது. பாடியவர்களுக்குச் செய்கிற அநியாயம் அது. பலருடைய பாட்டுகளைக் கலந்து வெளியிட்ட தொகுப்பு என்றால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் "பல கலைஞர்கள்" என்று போட்டு, "கம்பைலேஷன்" என்ற குறியையும் இட்டுவிடுங்கள்.

ஆல்பம் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தால்கூடச் சில பிளேயர்கள் அதை வேறு ஆல்பமாகவே எடுத்துக்கொள்ளும், கண்ணுக்கும் தெரியாது. எம்பி3டேக்கில் ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், வருடம் மூன்றையும் ஒரே தடவையில் எழுதி சேவ் செய்தால் இந்தப் பிரச்சினையே வராது. "கீப்" என்று காட்டுகிற கட்டங்களைத் தொடாதீர்கள், அது ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறதை அப்படியே விட்டுவிடும் என்று அர்த்தம்.

கேள்வி: பாட்டுப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்தேன். கார் செட்டில் கேள்விக்குறியும் கட்டமுமாக வருகிறது. புது செட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் திரையில் என்ன வருகிறது என்று உற்றுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கட்டம் கட்டமாக வந்தால் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை, உங்கள் டேக் பத்திரமாக இருக்கிறது. கேள்விக்குறி வந்தால் அதே ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால், எழுதிய சாஃப்ட்வேர் தமிழை ஏற்காத வகையில் சேமித்துவிட்டது, மூல எழுத்துகள் அழிந்துவிட்டன, திரும்பத்தான் எழுதணும். புள்ளியும் கொம்பும் வைத்த ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி வந்தால் எழுத்துமுறை மாறிப் படிக்கப்படுகிறது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் இருந்த திஸ்கி போன்ற முறையில் எழுதியதாகவும் இருக்கலாம். இதை மாற்றி மீட்க வழி உண்டு.

இதற்கெல்லாம் வேர் பழைய கதை. எம்பி3 ஃபைலுக்கான ஐடி3 டேக் 1996-ல் வந்தபோது ஃபைலின் கடைசி 128 பைட்டுகளில்தான் மொத்த விவரமும். பாட்டுப் பெயருக்கு 30 எழுத்து இடம், தமிழுக்கெல்லாம் அதில் ஏற்பாடே இல்லை. உங்கள் பழைய ஃபைல்களில் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். பிறகு வந்த இரண்டாம் வகையில் 2.3 பதிப்பு யூடிஎஃப்-16 என்ற யூனிகோடு முறையில் எந்த மொழியையும் ஏற்கும். 2000-ல் வந்த 2.4 பதிப்பு யூடிஎஃப்-8 முறையையும் சேர்த்தது, ஆனால் பழைய கருவிகள் பல 2.4-ஐச் சரியாகப் படிப்பதில்லை. ஆகவே எம்பி3டேக் அமைப்பில் ஐடி3 2.3, யூடிஎஃப்-16 என்று வைத்து எழுதுங்கள், பழைய முதல் வகை டேக் ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கிவிடுங்கள். சில செட்கள் புதியதை விட்டுவிட்டுப் பழையதைப் படிக்கும்.

எழுத்துரு இல்லாத செட்டுக்கு ஒரே வழிதான், பென் டிரைவுக்கென்று தனிப் பிரதி எடுத்து அதில் மட்டும் ஆங்கில எழுத்தில் டேக் எழுதுவது. மூலத் தொகுப்பில் தமிழை மாற்றாதீர்கள். புது செட்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், தமிழில் டேக் எழுதிய பென் டிரைவைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் "பல மொழி ஆதரவு" என்பது பெரும்பாலும் மெனு மொழியைப் பற்றியது, பாட்டுப் பெயரைப் பற்றியது இல்லை. கூடவே வரிசையையும் பாருங்கள். டிராக் எண்ணைக் கவனிக்காமல் ஃபைல் பெயர் வரிசையில் பாடுகிற செட்கள் உண்டு, அதற்கு ஃபைல் பெயரை 1, 2 என்று தொடங்காமல் 01, 02 என்று தொடங்கணும், இல்லாவிட்டால் 1-க்கு அடுத்து 10 பாடும்.

கேள்வி: என்னிடம் உள்ள எம்பி3-களை எல்லாம் ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா? இனி வாங்கும்போது எதை வாங்கலாம்?

பதில்: கூடாது. எம்பி3 ஆக்கும்போதே ஒலியின் ஒரு பகுதி வெட்டி எறியப்பட்டுவிட்டது, ஃபிளாக் (ஒலியில் எதையும் வெட்டாமல் சுருக்குகிற வகை) ஆக்கினால் அது திரும்ப வராது, ஃபைல்தான் பெருக்கும். புதிதாக வாங்கும்போது இரண்டும் கிடைத்தால் ஃபிளாக் வாங்குங்கள், அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், மறுபக்கம் முடியாது. சுருக்காத வேவ் ஃபைலாக வாங்காதீர்கள். ஃபிளாக்கும் அதே தரம்தான், இடம் குறைவு, டேக்கும் ஒழுங்காக நிற்கும். வேவில் எழுதிய டேக்கைப் பல பிளேயர்கள் படிப்பதே இல்லை.

கேள்வி: மாதச் சந்தா ஆப்பில் டவுன்லோடு செய்த பாட்டுகளை டேக் சாஃப்ட்வேரில் திறக்க முடியவில்லை, ஏன்?

பதில்: அவை உங்களுடையவை இல்லை, அதனால்தான். பூட்டிய ஃபைல்கள் அவை, அந்த ஆப்பில் மட்டும் பாடும், சந்தா நின்றால் அதுவும் நிற்கும். சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டிய பாட்டுகளை ஃபைலாக விற்கிற கடையில் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: வருடக்கணக்கில் பாட்டுகளுக்கு நட்சத்திரம் போட்டு, பிளேலிஸ்ட் கட்டி வைத்திருந்தேன். புதுக் கம்ப்யூட்டருக்கு ஃபைல்களை மாற்றியதும் எல்லாம் போய்விட்டது. பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. மீட்க முடியுமா? இனி பேக்கப்புக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்கணும்?

பதில்: பழைய கம்ப்யூட்டரை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. நட்சத்திரம், எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கு, பிளேலிஸ்ட் இவற்றைப் பல பிளேயர்கள் பாட்டு ஃபைலில் எழுதுவதில்லை, தங்களுடைய தனி லைப்ரரி ஃபைலில் வைத்துக்கொள்கின்றன. நீங்கள் பாட்டை மட்டும் எடுத்து வந்துவிட்டீர்கள். அதே பிளேயரைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டு, லைப்ரரி ஃபைலையும் நகலெடுத்து, பாட்டு ஃபோல்டரைப் பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே பாதையில் வைத்தால் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்துவிடும். வந்ததும் பிளேலிஸ்ட்களை எம்3யு என்ற பிளேலிஸ்ட் ஃபைலாக ஏற்றுமதி செய்து வையுங்கள், அதைப் பெரும்பாலான பிளேயர்கள் படிக்கும். நட்சத்திரத்தை ஃபைலுக்குள்ளேயே எழுதும் வசதி மியூசிக்பீ போன்ற பிளேயர்களில் உண்டு, அதை இயக்கிவிடுங்கள்.

டிஸ்க் அளவுக்கு வருவோம். உயர்ந்த தரமான 320 கேபிபிஎஸ் எம்பி3, நாலு நிமிடப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட 10 எம்பி பிடிக்கும். பத்தாயிரம் பாட்டு என்றாலும் 100 ஜிபிதான். ஃபிளாக் என்றால் மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரமாண்டமான டிஸ்க் ஒன்று வாங்குவதைவிட அந்தப் பணத்தில் சின்ன டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது பல மடங்கு பாதுகாப்பு. தானாக ஒத்திசைக்கும் கிளவுட் ஃபோல்டரை மட்டும் பேக்கப் என்று நம்பாதீர்கள். இங்கே தவறாக ஒரு டேக்கை எழுதினால் அங்கேயும் உடனே அந்தத் தவறு போய் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, டேக்கை மாற்றினால் ஃபைலே மாறியதாகக் கணக்கு, முழுத் தொகுப்பையும் திருத்திய அன்று பல சேவைகளில் அத்தனை ஜிபியும் மறுபடி மேலேறலாம். இணையத்துக்கு டேட்டா வரம்பு இருந்தால் திருத்துகிற வேலை முடியும்வரை ஒத்திசைவை நிறுத்தி வையுங்கள்.