‘இன்றே பத்தாயிரம் கட்டினால் சீட்’ என்கிறார் புரோக்கர். கட்டலாமா?

கேள்வி: சாத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மாதம் இருபதாயிரம் கையில் நின்றால் பெரிது. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் 163. எட்டாம் வகுப்பு வரை பக்கத்து மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி.யில் கிடைத்த இலவச சீட்டிலேயே படித்தாள், ஒன்பதிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளி. மூத்தவன் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறான். அட்மிஷன் வாங்கித் தரும் ஒருவர் வீடு தேடி வந்தார். சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட், வருடத்துக்கு 1,35,000 ‘பேக்கேஜ்’, இன்றே பத்தாயிரம் கட்டினால் பிடித்து வைப்பேன், இந்த மார்க்குக்குக் கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது என்கிறார். பேங்க் லோனும் அவரே வாங்கித் தருவாராம். வருடா வருடம் ஃபீஸ் ஏறிக்கொண்டே போகுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். பணத்தை விட முக்கியமாக, மகளின் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். பணம் போனால் பத்தாயிரத்தோடு போகும். சான்றிதழ் போய்ச் சேர்ந்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க நீங்கள் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சென்னைக்கும் சாத்தூருக்கும் அலைய வேண்டியிருக்கும். கல்லூரிகள் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கவே கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. சொல்லி எத்தனையோ வருடமாகிறது. சுற்றறிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. பீரோ சாவி கல்லூரியில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எட்டு வரை மெட்ரிக் பள்ளியில் இலவச சீட் என்று. புரோக்கரிடம் அதைச் சொன்னீர்களா தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது, ஏனென்றால் அந்த வரி உண்மையானால் அவருக்கு அங்கே வேலையே இல்லை.

தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கு இது 2021இல் வந்த சட்டம். அதில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இதைக் கேட்டதும் உங்களைப் போன்றவர்கள் ‘நம்ம பிள்ளை எட்டு வரைக்கும் பிரைவேட், நமக்கு இல்லை’ என்று எழுந்து போய்விடுகிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள். அதே சட்டத்தில் இன்னொரு வகையும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், அதாவது நாம் ஆர்.டி.இ. சீட் என்கிறோமே, அதில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளும் இந்த 7.5-க்குத் தகுதியானவர்கள்.

இதை இன்னொரு முறையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஏகப்பட்ட பேர் கோட்டை விடுகிறார்கள். பள்ளிக்காரர் இரக்கப்பட்டு ஃபீஸைத் தள்ளுபடி செய்திருந்தால் அது ஆர்.டி.இ. ஆகாது. தெரிந்தவர் சொல்லிப் பாதி ஃபீஸில் படித்திருந்தாலும் ஆகாது. எல்.கே.ஜி. சேரும்போது வருமானச் சான்றோ சாதிச் சான்றோ கொடுத்து, அரசு ஒதுக்கீடு என்று விண்ணப்பித்து, அதன்படி சீட் கிடைத்திருக்க வேண்டும். உங்கள் மகளுடையது அந்த வகைதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அந்த மெட்ரிக் பள்ளிக்குப் போய், ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் இத்தனையாம் ஆண்டு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தார் என்று சான்றிதழ் கேளுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தனியாக ஒன்று வாங்குங்கள். கவுன்சலிங் விண்ணப்பத்தில் 7.5 பற்றிக் கேட்கும் இடத்தில் ‘ஆம்’ போட வேண்டும். பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் ‘இல்லை’ போட்டுவிட்டுப் போய்விடுவான். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளிடம் சில கல்லூரிகள், ‘அரசுப் பணம் வர லேட் ஆகும், இப்போதைக்கு நீங்கள் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்பார்கள். கட்ட வேண்டியதில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

சரி, ஆர்.டி.இ. இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பேக்கேஜ் பக்கம் போக வேண்டாம். உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் மகள் முதல் தலைமுறைப் பட்டதாரி. மூத்தவன் படித்தது டிப்ளமோ; அது பட்டம் இல்லை, குறுக்கே நிற்காது. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டால், கவுன்சலிங் மூலம் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் வருடத்துக்கு 25,000 கல்விக் கட்டணத்தில் கழியும். கவுன்சலிங் மூலம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புரோக்கர் வாங்கித் தரும் நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு, அதாவது கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் சீட்டுக்கு, இந்தச் சலுகை கிடையாது. நான்கு வருடத்தில் ஒரு லட்சத்தை அந்த ஆள் உங்கள் பையிலிருந்து எடுத்துவிட்டு, உங்களுக்கு உதவி செய்ததாகச் சொல்லிக்கொள்வார்.

‘163-க்குக் கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது’ என்பது வடிகட்டின பொய். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தையும் சிறுபான்மைக் கல்லூரிகள் பாதி இடத்தையும் கவுன்சலிங்குக்குக் கொடுக்கின்றன. ஒவ்வொரு வருடமும் எல்லாச் சுற்றும் முடிந்து, துணைக் கலந்தாய்வும் முடிந்த பிறகும் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. கிடைக்காது என்று உங்களைப் பயமுறுத்தினால்தான் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வரும். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனை கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் கவுன்சலிங் இணையதளத்திலேயே சாதி வாரியாக இருக்கிறது. அதை ஒரு மாலை உட்கார்ந்து மகளோடு பாருங்கள்.

இந்த பேக்கேஜ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். ஒரு புரோக்கர் எழுதிக் கொடுத்தது, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் பென்சிலில் 85, 30, 20 என்று எழுதிக் கூட்டி, கீழே 135 என்று வட்டம் போட்டிருந்தது. 85 டியூஷன் ஃபீஸ், 30 பஸ், 20 ‘பிளேஸ்மென்ட் டிரெயினிங்’. கையெழுத்து இல்லை, கல்லூரிப் பெயர் இல்லை, எந்த வருடத்துக்கு என்றும் இல்லை. இரண்டாம் வருடம் பஸ் 38 ஆனது. யூனிஃபார்ம், லேப் கோட், ‘அசோசியேஷன்’, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, ‘அந்த ஆள் எங்கள் ஆளே இல்லை சார்’ என்றார்கள். அந்தப் புரோக்கரை முதல் நாள் கல்லூரி வேனில்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

ஃபீஸ் ஏறுமா என்று கேட்டீர்கள். ஏறும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல. டியூஷன் ஃபீஸைக் கல்லூரி இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதற்கென்று கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. 2017இல் அந்தக் குழு நிர்ணயித்தபோது, கவுன்சலிங் சீட்டுக்கு வருடம் 50,000, தேசியத் தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கே 85,000-மும் 87,000-மும்தான். மகள் சேரும் வருடத்துப் பட்டியலை எடுத்து, கல்லூரி கேட்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக வாங்கினால் அது நன்கொடை, அதைத் தடுக்க 1992-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஒரு பெரிய போர்டில் இந்தத் தொகையை எழுதிக் கல்லூரி வாசலில் மாட்டவைக்க அதிகாரிகளுக்கு என்ன கேடு என்று எனக்குப் புரிவதே இல்லை. மாடு மேய்க்கிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் இணையதளத்தில் பி.டி.எஃப். தேட வேண்டுமாம்.

ஏறுவது பஸ்ஸும் ஹாஸ்டலும் மெஸ்ஸும்தான். ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: போன வருடம் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மொத்தமாக எவ்வளவு கட்டினார்கள்? ஆபீஸில் கேட்காதீர்கள். கல்லூரிக்கு எதிரே உள்ள டீக்கடையில் நிற்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், ரசீதையே போனில் காட்டுவார்கள்.

லோன் விஷயம். ‘மீதிக்கு லோன்’ என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து இன்னும் ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி தூங்காது. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அப்புறம் 30,000, கடைசியாக 20,000. வட்டி மட்டும் 1,40,000. கட்ட ஆரம்பிக்கும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். முதல் வேலையில் பதினைந்தாயிரம் வாங்கும் பெண், சென்னையில் வாடகையும் கொடுத்துவிட்டு இதை எப்படிக் கட்டுவாள்? கடன் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாங்குவதானால் நீங்களே உங்கள் ஊர் வங்கிக்குப் போங்கள். கவுன்சலிங் ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு போகிறவருக்கும் புரோக்கரோடு போகிறவருக்கும் மேனேஜர் கொடுக்கும் முகமே வேறு.

எந்தக் கல்லூரி என்று கேட்டால், உங்கள் பக்கத்தில் திருநெல்வேலி, காரைக்குடி, போடி மூன்றிலும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. விருப்பப் பட்டியலில் முதலில் அவை வரட்டும். அப்புறம் மதுரை தியாகராசர் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகள். இங்கே ஒரு சூட்சுமம்: ஒரே கல்லூரிக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பட்டியலில் படிப்பின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதி. வாத்தியாரும் கேன்டீனும் ஒன்றுதான், ஃபீஸ் மட்டும் வேறு. இவற்றுக்குப் பிறகு, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள தனியார் கல்லூரிகள். வாசலில் தொங்கும் ‘பிளேஸ்மென்ட்’ பேனரைப் பார்த்து மயங்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். பாதிப் பேர் ஃபெயிலாகும் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதை விட, அரசுக் கல்லூரியில் இ.சி.இ.யோ எலெக்ட்ரிக்கலோ படிக்கலாம் என்பது என் கட்சி. மகளுக்குக் கம்ப்யூட்டர்தான் பிடிக்கும் என்றால் அவள் பேச்சைக் கேளுங்கள், புரோக்கர் பேச்சை அல்ல.

கடைசியாக ஒரு கண்ணி. விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில் ‘இலவசமாகச் செய்து தருகிறோம்’ என்று கல்லூரி ஆட்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை வாங்கி, தங்கள் கல்லூரியை முதலிடத்தில் போட்டு லாக் செய்துவிடுவார்கள். மகளின் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. சந்தேகம் வந்தால் அரசின் சேர்க்கை உதவி மையத்துக்குப் போங்கள், கூட்டமாக இருந்தாலும் காசு கேட்க மாட்டார்கள்.

அந்த மெட்ரிக் பள்ளிக்கு இந்த வாரமே போய்விடுங்கள். எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் நினைவில்லை என்றால் மகளின் பழைய ரிப்போர்ட் கார்டையும் ரேஷன் கார்டு நகலையும் எடுத்துப் போனால் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். இழுத்தடித்தால் விருதுநகரில் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தாக மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் எழுதுங்கள், விருப்பப் பட்டியலின் வரிசையை அப்போது பார்க்கலாம்.