உறங்கும் சென்சார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது?

கேள்வி: அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை வழியாக அனுப்பும் சென்சார் ஒன்றை இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள டெவலப்மென்ட் போர்டில் செய்தேன். அனுப்பி முடித்ததும் அது டீப் ஸ்லீப் எனும் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட நான்கு ரீசார்ஜபிள் பேட்டரிகளின் தொடர் பதினோரு நாளில் தீர்ந்துவிட்டது. அடுத்ததாக, கதவு திறந்தால் தெரிவிக்கும் சிறிய சென்சாரைப் பட்டன் பேட்டரியில் இயக்க நினைக்கிறேன். எந்த வயர்லெஸ் மாட்யூலை வாங்குவது?

பதில்: புதிய மாட்யூல் வாங்குவதற்கு முன், பழைய போர்டில் மின்சாரம் எங்கே போனது என்று கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. விழித்து, ரவுட்டருடன் இணைந்து, தரவை அனுப்பிவிட்டு உறங்க 3 நொடி ஆகிறது என்றும், அந்நேரத்தில் சராசரியாக 80 மில்லி ஆம்பியர் செலவாகிறது என்றும் கொள்வோம். ஒரு நாளில் 144 முறை அனுப்ப மொத்தம் சுமார் 10 மில்லி ஆம்பியர்-மணிதான் ஆகும். உறக்கத்தில் அந்தச் சிப் எடுப்பது ஏறத்தாழ 20 மைக்ரோ ஆம்பியர். அது நாளுக்கு அரை மில்லி ஆம்பியர்-மணி. இந்தக் கணக்குப்படி உங்கள் பேட்டரிகள் ஆறு மாதம் தாங்கியிருக்க வேண்டும். பதினோரு நாளில் தீர்ந்தன என்றால், நாளுக்கு 180 மில்லி ஆம்பியர்-மணி வீதம் போயிருக்கிறது. மீதி 170 எங்கே?

சிப் உறங்கினாலும் போர்டு உறங்குவதில்லை. இத்தகைய போர்டுகள் பலவற்றில் உள்ள ஏஎம்எஸ்1117 வகை வோல்டேஜ் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்ற அளவில் நிறுத்தும் பாகம்), எந்த வேலையும் இல்லாதபோதும் தனக்கென்று 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. எப்போதும் எரியும் எல்இடி விளக்கும் யுஎஸ்பி சிப்பும் சேர்ந்து 2 மில்லி ஆம்பியர் என்று குறைத்தே வைத்தாலும், மொத்தம் 7 ஆகிறது. அதை 24 மணி நேரத்தால் பெருக்கினால் 168. நீங்கள் வைஃபையைச் சந்தேகித்தீர்கள், திருடன் ரெகுலேட்டர். டெவலப்மென்ட் போர்டு மேசையில் வைத்துச் சோதிப்பதற்கானது. பேட்டரியில் ஓட்டுவதற்கு மாட்யூலை மட்டும் தனியே வாங்கி, ஓய்வு மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியரே உள்ள ரெகுலேட்டரை அதற்குப் பொருத்த வேண்டும்.

கதவு சென்சாருக்கோ வைஃபை ஒத்துவராது. சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. ஓராண்டு ஓட வேண்டுமானால் சராசரிச் செலவு 25 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக்கூடாது. அதைவிடப் பெரிய தடை அந்தப் பேட்டரியின் உள்மின்தடை. அது 20 ஓம் என்று வைத்தால், வைஃபை சிப் அனுப்பும் கணத்தில் கேட்கும் 170 மில்லி ஆம்பியருக்கு அந்தத் தடையிலேயே 3 வோல்ட்டும் விழுந்துவிடும். சிப் ரீசெட் ஆகி, மீண்டும் இணைய முயன்று, மீண்டும் விழும். புளூடூத் லோ எனர்ஜி மாட்யூல்களில் இந்தச் சிக்கல் எழாது. என்ஆர்எஃப்52832 சிப் வழக்கமான அனுப்பு திறனில் 5.3 மில்லி ஆம்பியர்தான் கேட்கிறது, விழுவது 0.1 வோல்ட். உறக்கத்தில் அது எடுப்பது 2 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத்தான்.

ஆகவே அந்தச் சிப் உள்ள, ஆன்டெனாவும் சான்றிதழும் சேர்ந்தே வரும் ஆயத்த மாட்யூல் ஒன்றை வாங்குங்கள். கதவின் நிலையை அறிவிக்க இணைப்பு ஏற்படுத்தத் தேவையில்லை. யாருடனும் இணையாமல், அருகில் கேட்பவர் எவருக்கும் புளூடூத் ஒலிபரப்பும் சிறு தகவலுக்கு விளம்பரப் பொட்டலம் (அட்வர்டைசிங் பாக்கெட்) என்று பெயர். 31 பைட் வரை கொள்ளும் அதிலேயே கதவின் நிலையை அனுப்பிவிடலாம். ஒரே ஒரு பொட்டலம் தவறிப்போகலாம் என்பதால், கதவு அசைந்ததும் இரண்டு மூன்று நொடிகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பச் செய்யுங்கள். அதைக் கேட்க, எப்போதும் மின் இணைப்பில் இருக்கும் பெறுநர் ஒன்று வேண்டும். வைஃபையை விடுவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை இதுதான். வீட்டில் ஏற்கெனவே ஜிக்பீ அல்லது த்ரெட் எனும் ஸ்மார்ட் வீட்டு வயர்லெஸ் முறைக்கான ஹப் (மையக் கருவி) இருந்தால் அவற்றுக்கான மாட்யூலும் இதே அளவு சிக்கனமானதே. லோரா எனும் நெடுந்தூர வயர்லெஸ் முறை கிலோமீட்டர் கணக்கில் எட்டக்கூடியது. ஒரு வீட்டுக் கதவுக்கு அது தேவையே இல்லை.

கதவு திறந்ததை அறிய, காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சை வைப்போம். அதை இணைக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நான் செய்த முதல் கதவு சென்சார், எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும், ஒரே மாதத்தில் செத்துப்போனது. கதவு மூடியிருக்கும்போது காந்தம் அருகில் இருப்பதால் சுவிட்ச் மூடியே, அதாவது மின்சாரம் பாயும் நிலையிலேயே, இருக்கும். கதவோ நாளின் பெரும்பகுதி மூடித்தான் கிடக்கிறது. சுவிட்ச் திறந்திருக்கும்போது சிப்பின் உள்ளீட்டை உயர் மின்னழுத்தத்தில் நிறுத்திவைக்கும் புல்-அப் மின்தடையை, வழக்கம்போல 10 கிலோ ஓம் அளவில் வைத்திருந்தேன். 3 வோல்ட்டில் அதன் வழியே இடைவிடாமல் 300 மைக்ரோ ஆம்பியர் கசிந்தது. சிப்புக்குள் இருக்கும் புல்-அப்பை இயக்கினாலும் அதன் மதிப்பு 13 கிலோ ஓம் அளவே என்பதால் நிலைமை பெரிதாக மாறாது. அதை அணைத்துவிட்டு, வெளியே 1 மெகா ஓம் வையுங்கள். கசிவு 3 மைக்ரோ ஆம்பியராகக் குறையும். சிப்பின் உறக்கச் செலவையும் சேர்த்து 5 என்றால், காகிதத்தில் ஐந்து ஆண்டு வருகிறது. நான் மூன்று என்றே கணக்கு வைப்பேன்.

மாட்யூலின் ஆன்டெனா உள்ள முனை சர்க்யூட் பலகையின் விளிம்பில் இருக்கட்டும். அதன் கீழோ அருகிலோ செம்புத் தகடும் பட்டன் பேட்டரியின் உலோக உடலும் வரக்கூடாது.

பொருத்துவதற்கு முன் உறக்க மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் நேரடியாகத் தொடரில் இணைத்தால், சிப் விழிக்கும் கணத்தில் மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து அது ரீசெட் ஆகிவிடும். ஆதலால் மீட்டரின் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து வைத்து, சிப் உறங்கிய பிறகு அந்த வயரை எடுத்துவிட்டு அளவைப் படியுங்கள். அப்போது காந்தம் ரீட் சுவிட்சை ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையெனில் புல்-அப் கசிவு மீட்டரில் தெரியாது. அளவு 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டினால், பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அளந்து வாருங்கள்.