பேக்கரிக்காரர் பதில்கள்: "அண்ணன் கையை யாரும் பார்க்க மாட்டேங்கிறாங்க"

(தண்டையார்பேட்டையில் 34 வருடமாக பேக்கரி நடத்துபவர், வேலை தேடுவோர், வேலை தருவோர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் அண்ணன் புழல் ஜெயிலில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் தை மாதம் வெளியே வந்தார். அதில் நாலு வருடம் உள்ளே பேக்கரியில் வேலை. பன், பிரெட், ரஸ்க் எல்லாம் போடுவார். மூலக்கடை, பெரம்பூர் பக்கம் ஐந்து பேக்கரி ஏறி இறங்கிவிட்டேன். "இதுக்கு முன்னாடி எங்க இருந்தாரு?" என்று கேட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது. வேலை தெரியும் என்று எப்படி நம்ப வைப்பது?
— ஒரு தங்கை, வியாசர்பாடி

பதில்: தங்கச்சி, முதல் தப்பு, ஏறி இறங்கியது நீங்கள். வளர்ந்த ஆளுக்குத் தங்கை வந்து வேலை கேட்டால், "அவர் ஏன் வரலை, குடிப்பாரோ?" என்றுதான் எங்களுக்குத் தோன்றும். ஜெயில் விஷயமெல்லாம் அதற்கு அப்புறம். அவரையே அனுப்புங்கள். சாயங்காலம் டீ நேரத்தில் வேண்டாம், கல்லாவை விட்டு நகர முடியாது. காலை 11 மணிக்குப் போகட்டும். மற்ற கடைகளுக்குப் போடும் லைன் சரக்கு போய், முதலாளி கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

என் கடைக்கு வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் மூன்று சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தார், எல்லாம் பெரிய மனிதர்கள் கொடுத்தது. ஈஸ்ட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். "இது சோடா உப்பாண்ணே?" என்றார். இன்னொருவர் கையில் ஒரு மஞ்சள் பைதான். உள்ளே வந்ததும் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னாண்ணே, போர் தண்ணியா? கரிக்குது. மாவு பொங்க லேட்டாவுமே" என்றார். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் அப்படித்தான். உப்பு கூடினால் ஈஸ்ட் மந்தமாகும். அந்த ஒரு பேச்சுக்கே ஏப்ரனை எடுத்துக் கொடுத்துவிட்டேன். புழலில் இருந்து வந்தவர் என்பது அடுத்த நாள் அவரே சொல்லித்தான் தெரியும். ஒன்பது வருடம் என்னோடு இருந்தார்.

உங்கள் அண்ணனும் கையைத்தான் காட்ட வேண்டும். "ஒரு வாரம் சும்மா வேலை பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது. வாரக் கடைசியில் "சரிப்படாதுப்பா" என்று சொல்லி அடுத்த ஆளை அதே மாதிரி கூப்பிடும் புண்ணியவான்கள் எங்கள் தொழிலில் உண்டு. "ராத்திரி பிசைஞ்சு வெச்ச மாவுல ஒரு ட்ரே பன் உருட்டிக் காட்டுறேன்" என்று கேட்கட்டும். அரை மணி நேர வேலை. எந்த முதலாளிக்கும் நஷ்டமில்லை.

அந்த ட்ரேயில் நான் எதைப் பார்ப்பேன் தெரியுமா? மாவைக் கிள்ளும்போது தராசை எத்தனை தடவை தேடுகிறார் என்று பார்ப்பேன். 60 கிராம் பன் என்றால், பழகின கை இரண்டு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தராசுப் பக்கமே திரும்பாது. இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு உருண்டை, ஒரே நேரத்தில் சுழலும். ட்ரே நிறைந்ததும் நடுவில் இருந்து ஐந்தை எடுத்து நிறுப்பேன். இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே இருந்தால் போகட்டும். அப்புறம் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பேன். மடிப்பு சரியாக மூடாத பன் ஓவனுக்குள் போய் வாயைப் பிளக்கும். கடைசியாக ஒரு கேள்வி: "மே மாசம் இன்னா பண்ணுவ?" ஐஸ் தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைக் குறைப்பேன் என்று பதில் வந்தால் சம்பளம் பேச ஆரம்பித்துவிடலாம்.

ஜெயிலைப் பற்றி எப்போது சொல்வது? ட்ரே முடிந்த பிறகு, சம்பளம் பேசும் முன்பு. இது என் அபிப்பிராயம். மறைக்கவே கூடாது. ஆனால் வாசலில் நின்றபடி சொன்னால் கையைக் காட்டவே இடம் கிடைக்காது. நடுவில் முதலாளியே கேட்டுவிட்டால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டே வாக்கியம் போதும்: "ஒரு கேஸ்ல ஆறு வருஷம் புழல்ல இருந்தேன். தண்டனை முடிஞ்சிடுச்சு, வேற கேஸ் எதுவும் இல்ல." என்ன கேஸ் என்று கேட்டால் அதையும் ஒரே வரியில். அழக் கூடாது, நியாயம் பேசவும் கூடாது. அடுத்த பேச்சு அங்கே தினம் எத்தனை கிலோ மாவு பிசைந்தார் என்பதாக இருக்கட்டும். புழல் பேக்கரிச் சரக்கு சிறை அங்காடியில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதுதான் என்று பல முதலாளிகளுக்குத் தெரியாது. புழல்–அம்பத்தூர் ரோட்டில் பெண் கைதிகள் வேலை செய்யும் பெட்ரோல் பங்க் 2023இல் திறந்தார்கள். அங்கே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான், பேக்கரிக்கு ஆள் வந்தால் யோசிக்கிறார்கள்.

காகிதமும் வேண்டும். எந்தப் பிரிவில், எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று சான்று கேட்டு, சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதுங்கள். சிறை பெயர் போட்டிருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம், ஆறு வருடம் எங்கே போனார் என்ற கேள்விக்கு அதுவே பதில். உணவைக் கையாளுகிறவர் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறை விதி. அந்த டாக்டர் சான்றிதழை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போனால், தொழில் தெரிந்த ஆள் என்று பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். அப்புறம் பேங்க். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிப் போயிருக்கும். ஆதாரோடு கிளைக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்தால் திறந்துவிடுவார்கள், கட்டணம் கிடையாது. முதல் மாதச் சம்பளம் வரும்போது "என் தங்கச்சி கணக்குல போடுங்க" என்று நிற்கக் கூடாது.

ஒன்றை மட்டும் வீட்டில் பழக்குங்கள். என்னிடம் இருந்தவர் முதல் மாதம் முழுக்க நான் பக்கத்தில் போனாலே எழுந்து நிற்பார், பாத்ரூம் போகக்கூட உத்தரவு கேட்பார். கையில் உருட்டின மாவு அப்படியே காயும். "நான் வார்டன் இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஜிபேயும் அவருக்குப் புதுசு. டப்பா "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார்.

கேள்வி: கொடுங்கையூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை கேட்டு வந்தவர் 14 மாதம் உள்ளே இருந்ததாகச் சொல்கிறார், ஆனால் விடுதலை ஆகிவிட்டதாம். நம்பலாமா?
— ஒரு பட்டறைக்காரர்

பதில்: விடுதலை என்றால் ஜாமீனா, தீர்ப்பா என்று முதலில் கேளுங்கள். ஜனங்கள் இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்பு என்றால் நகல் இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டாலும் வழக்கு முடிந்ததா என்று தெரிந்துவிடும், உங்கள் போனிலேயே பார்க்கலாம். 2022 கணக்கில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். புழலிலும் அவர்களுக்குத் தனிச் சிறை. குற்றம் நிரூபணம் ஆகாமலே வருடக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். லேத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ராடைக் கொடுத்து த்ரெட் போடச் சொல்லுங்கள், நட்டு மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: 15 வயதில் ஒரு திருட்டுக் கேஸ், ஆறு மாதம் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தேன். இப்போது 22. இதனால் எனக்கு வேலை கிடைக்காமல் போகுமா?
— காசிமேடு வாசகர்

பதில்: தம்பி, பயப்படாதே. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவு, சிறுவனாகச் செய்த குற்றத்தின் பேரில் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது என்கிறது. பதிவேடுகளையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிக்கச் சொல்கிறது. 16 தாண்டி, கொடுங்குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டவர்கள் கதை வேறு, நீ அதில் இல்லை. நீயாகப் போய் யாரிடமும் ஆரம்பிக்காதே. அரசாங்க வேலை ஃபாரத்தில் கேட்டிருந்தால் மட்டும், ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு நிரப்பு.

கேள்வி: ஜெயிலுக்குப் போனவனுக்கெல்லாம் வழி சொல்கிறீர்கள். என் மகன் டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறான். அவனுக்கு என்ன சொல்வீர்கள்?
— ஒரு தகப்பனார், திருவொற்றியூர்

பதில்: கோபம் நியாயம்தான் சார். என் கடையில் ட்ரே கழுவ ஆள் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஷட்டர் பாதி திறந்திருக்கும், குனிந்து உள்ளே வரச் சொல்லுங்கள். டிப்ளமோ சர்டிபிகேட் வேண்டாம், நகம் வெட்டிக்கொண்டு வரட்டும்.