அலட்சியமா, கவனக்குறைவா?

கேள்வி: ஆபீஸில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். விளக்கக் கடிதத்தில் 'என் அலட்சியத்தால் நேர்ந்தது' என்று எழுதினேன். நண்பன் அந்தச் சொல்லை அடிக்கச் சொல்கிறான். ஏன்?

பதில்: நண்பன் பேச்சைக் கேளுங்கள். லட்சியம் என்றால் இன்று குறிக்கோள். ஆனால் 'அவன் யாரையும் லட்சியம் பண்ணமாட்டான்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அங்கே பொருட்படுத்துவது என்று அர்த்தம். அதன் மறுப்புதான் அலட்சியம். தெரிந்தும் 'போனால் போகட்டும்' என்று விட்டதாக நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள்! கண்ணில் படாமல் போனது கவனக்குறைவு. அடுப்பில் பால் வைத்ததை மறந்தால் கவனக்குறைவு. பொங்குகிறது என்று அம்மா கத்திய பிறகும் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அலட்சியம். இன்னொன்று, ஆளை அலட்சியப்படுத்தலாம், கவனக்குறைவுபடுத்த முடியாது. கல்யாண வீட்டில் 'வாங்க' என்று யாரும் கேட்காவிட்டால், 'என்னை அலட்சியப்படுத்திட்டாங்க' என்று மாமா சாப்பிடாமல் கிளம்புவது அதனால்தான்.

கேள்வி: 'அலட்சியமா சிக்ஸர் அடிச்சான்' என்பது திட்டா?

பதில்: பாராட்டு. பந்து வீசியவரை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. அடுத்த பந்தில் அவுட்டானால் அதே சொல் திட்டாகிவிடும். இளவட்டங்கள் இந்தப் பாராட்டுக்கு 'அசால்ட்டா' என்கிறார்கள்.

கேள்வி: 'அதையெல்லாம் சட்டை பண்ணாதே' என்பதில் வருவது உடுத்தும் சட்டையா?

பதில்: இல்லை, மதித்துக் கவனிப்பது. அசட்டை அதன் எதிர்.

கேள்வி: விபத்து வழக்குகளில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்றே எழுதுகிறார்களே?

பதில்: ஜாக்கிரதை என்பது விழிப்பு. சட்டத்தில் உள்ள 'ரேஷ் ஆர் நெக்லிஜென்ட்' என்ற தொடரின் போலீஸ் தமிழ் இது. அப்படி ஓட்டி உயிர் போனால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106. உச்சத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகியிருக்கிறது.

கேள்வி: அஜாக்கிரதைக்கு நல்ல தமிழில் ஒரு சொல் வேண்டும்.

பதில்: பொச்சாப்பு. கடமையை மறந்து சோர்ந்திருப்பது என்று பொருள். திருக்குறளின் 54ஆம் அதிகாரமே பொச்சாவாமை. அளவு மீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சியில் மூழ்கி வரும் மறதி கெட்டது என்று முதல் குறளிலேயே சொல்லிவிடுகிறார். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் வீட்டில் சொன்னால் முழிப்பார்கள். 'ஏனோதானோன்னு செய்யாதே' என்றால் குழந்தைக்கும் புரியும்.

கேள்வி: 'அலட்ச்சியம்' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு வல்லின ஒற்று வராது. 'முயற்ச்சி'யும் தப்புதான்.