எந்தத் துப்பாக்கி என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: டெக்சஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறேன். வயது 34. எச்-1பி விசாவில் ஒன்பது வருடமாக வேலை. ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகி, கிரீன் கார்டுக்கு வரிசையில் காத்திருக்கிறேன். மனைவி எச்-4. போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒருவரைத் துப்பாக்கி முனையில் மிரட்டி பர்ஸையும் செயினையும் பறித்துக்கொண்டு போனார்கள். டெக்சஸில் இப்போது லைசென்ஸே வேண்டாம், சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். கிளாக் 19 வாங்கலாமா, சிக் பி365 வாங்கலாமா? சிட்டிசனான நண்பர் தன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்கிறார். அதுவரை பழகிக்கொள் என்று தன்னுடைய பழைய துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார். துணி அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. மே மாதம் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போகிறேன். அதற்குள் முடிவு செய்ய வேண்டும். (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கிளாக்கா சிக்கா என்பது வரை உங்கள் கடிதத்தைச் சாவகாசமாகத்தான் படித்தேன். அலமாரியின் மேல் தட்டு என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான்-இமிக்ரன்ட் விசாவில், அதாவது தற்காலிகமாகத் தங்கும் விசாவில், வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் தலைப்பு 18, பிரிவு 922(ஜி)(5)(பி). 1998-ல் சேர்த்த விதி. எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். 2022 ஜூனில் வந்த சட்டத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 வருடம். சட்டம் "வாங்குவது" என்று சொல்லவில்லை, "வைத்திருப்பது" என்கிறது. யார் பெயரில் வாங்கியது, யார் காசு கொடுத்தது என்பதெல்லாம் அப்புறம். உங்கள் வீட்டில், உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில், உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அது போதும். துப்பாக்கி இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் போதும்.

உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இனி அதைத் தொடாதீர்கள். நீங்களே காரில் எடுத்துப்போய் நண்பர் வீட்டில் கொடுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். வழியில் டெயில் லைட் எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தினால் கதை வேறு. நண்பரை வரச்சொல்லுங்கள், அவர் துப்பாக்கி, அவரே எடுத்துப் போகட்டும். அதற்கும் முன்னால், இமிக்ரேஷன் விளைவும் தெரிந்த ஒரு கிரிமினல் வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசிவிடுங்கள். இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் எதுவும் எழுத வேண்டாம். ஏற்கெனவே எழுதியிருந்தால் அழிக்கவும் வேண்டாம். அழிப்பது தனி வம்பு.

சரி, "டெக்சஸில் லைசென்ஸே வேண்டாம்" என்ற பேச்சுக்கு வருவோம். அது பொய்யில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனால் மாநிலச் சட்டப்படியோ ஃபெடரல் சட்டப்படியோ தடை உள்ளவருக்கு இது பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உங்களிடம் இதைச் சொன்னவர் பெரும்பாலும் சிட்டிசனாக இருப்பார். அவர் தனக்குப் பொருந்துவதைச் சொன்னார், நீங்கள் உங்களுக்கென்று எடுத்துக்கொண்டீர்கள். ஐ-140 அப்ரூவ் ஆனதால் பாதி கிரீன் கார்டு கையில் வந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் பாதி என்று ஒன்று கிடையாது. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டுவிட்டுக் காத்திருந்தாலும், கார்டு அப்ரூவ் ஆகும் வரை தடை இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

நண்பர் வாங்கித் தருவது அதைவிட மோசம். கடையில் நிரப்புகிற படிவம் 4473, உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கிறது. உங்களுக்காக வாங்கிக்கொண்டு அவர் "ஆம்" என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த அப்ராம்ஸ்கி வழக்கைக் கேளுங்கள். வர்ஜீனியாவில் ஒரு முன்னாள் போலீஸ்காரர், பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்காகத் துப்பாக்கி வாங்கினார். மாமா 400 டாலருக்குச் செக் அனுப்பியிருந்தார். மாமாவுக்கு எந்தத் தடையும் கிடையாது, அவரே வாங்கியிருக்கலாம். ஆனாலும் படிவத்தில் தான்தான் வாங்குபவர் என்று எழுதியது குற்றமே என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு. அவர் வாங்கியது, நீங்கள் கேட்கிற அதே கிளாக் 19. தடை இல்லாத மாமாவுக்கு வாங்கியவருக்கே அந்தக் கதி. தடை உள்ள உங்களுக்கு வாங்குகிறவர் 2022 சட்டப்படி 15 வருடம் வரை போகக்கூடிய தனிக் குற்றத்தில் மாட்டுவார். நல்ல மனதோடு உதவ வந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் டீமோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுடுவது இங்கே பௌலிங் போவது போல ஆகிவிட்டது. உங்களுக்கு அதுவும் கூடாது. ஃப்ளோரிடாவில் படிக்க வந்த ரெஹைஃப் என்ற மாணவர், கல்லூரி நீக்கிய பிறகும் ஊர் திரும்பாமல் ரேஞ்சில் போய்ச் சுட்டார். அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. தனக்குத் தங்கும் உரிமை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு அது உதவாது. எச்-1பி என்பது உங்களுக்குத் தெரியும், ஒன்பது வருடமாகத் தெரியும். ரேஞ்சில் துப்பாக்கியோடு எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை யாராவது உங்கள் காதில் போடுவார்கள். முறையாகப் பெற்ற வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் நான்-இமிக்ரன்ட்டும் துப்பாக்கி வைத்திருக்கலாம். சட்டத்திலேயே இருக்கிறது. டெக்சஸில் அந்த லைசென்ஸ் வாங்குவதும் பெரிய காரியமில்லை. ஆனால் வழக்கமான வருட லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ந் தேதியோடு முடியும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் நீங்கள் காபி போடும்போது அலமாரியில் இருப்பது மறுபடியும் குற்றம். மான் வேட்டைக்காக வந்த விலக்கை நம்பி தினமும் இடுப்பில் பிஸ்டலோடு கடைக்குப் போகிறவர், ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் ஒவ்வொரு விசா அதிகாரியிடமும் விளக்கம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். ஐ-485 படிவத்தில் ஆயுதப் பயிற்சி பெற்றதுண்டா என்று ஒரு கேள்வியும் இருக்கிறது. உண்மையாக வேட்டைக்குப் போகிறவருக்கு இந்த வழி சரி. உங்கள் காரணத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இப்போதைக்குக் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பெப்பர் ஸ்ப்ரே. தற்காப்புக்கென்று கடையில் விற்கிற சின்ன டப்பா டெக்சஸில் தடை செய்த ஆயுதம் ஆகாது. பார்க்கிங்கில் விளக்கு எரியவில்லை என்றால் அபார்ட்மென்ட் மேனேஜ்மென்ட்டுக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸைக் கேட்டால் பர்ஸைக் கொடுத்துவிடுங்கள்.

கிரீன் கார்டு வந்தபிறகு நீங்கள் வாங்கலாம், தடை இல்லை. அப்போது எது என்று கேட்டால், ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில் டி-ஷர்ட்டுக்குள் மறைய வேண்டும் என்பதற்காக எல்லோரும் சின்னதைத் தேடுவார்கள். பி365 காலியாக அரைக் கிலோ, கிளாக் 19 அதைவிட நூறு கிராமுக்கு மேல் அதிகம். சின்னது மறையும், ஆனால் கையில் உதைக்கும். இரண்டையும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டெக்சஸ் லைசென்ஸ் பரீட்சையும் 3, 7, 15 கெஜத்திலிருந்து ஐம்பது தோட்டாதான்.

வக்கீலாக நான் பார்ப்பது வேறு. கிளாக் 19-க்கு வழக்கமான மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) 15 தோட்டா, பி365-க்கு 10. நியூ ஜெர்சியின் எடிசனில் அக்கா யாராவது இருந்து, அங்கே காரிலேயே போகிற பழக்கம் உள்ளவரா? நியூ ஜெர்சியில் பத்துக்கு மேல் கொள்ளும் மேகஸினே குற்றம், ஹாலோ பாயின்ட் (நுனியில் குழி உள்ள) தோட்டாவை வெளியே எடுத்துப் போவதும் வம்பு, டெக்சஸ் லைசென்ஸும் செல்லாது. பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு தாய் 2013-ல் நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிவந்து, நிறுத்திய போலீஸிடம் தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிக் கைதானார். 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் மீண்டார். கலிஃபோர்னியா, நியூயார்க் இரண்டிலும் டெக்சஸ் லைசென்ஸ் செல்லாது.

எந்த மாடல் வாங்கினாலும் டிரிகரை மாற்றாதீர்கள், மேலே வீர வசனம் பொறிக்காதீர்கள். நாளை ஒரு ஜூரி அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். சிக் பெயரில் பி320 என்று இன்னொரு மாடல் உண்டு, தானாக வெடித்தது என்று அதன்மேல் பல வழக்குகள். 2024 நவம்பரில் ஃபிலடெல்ஃபியா ஜூரி ஒருவருக்கு 11 மில்லியன் டாலர் கொடுத்தது. டிரிகரை இழுக்காமல் வெடிக்காது என்பது கம்பெனியின் வாதம். பி365 வேறு மாடல், பெயரை வைத்துக் குழம்ப வேண்டாம்.

துப்பாக்கிக்கு ஆகிற யோசனையில் பாதியாவது ஹோல்ஸ்டருக்கு, அதாவது உறைக்கு, ஆக வேண்டும். டிரிகர் முழுவதையும் மூடுகிற கெட்டியான ஹோல்ஸ்டர், உடம்போடு. ஹேண்ட்பேக்கில் மட்டும் வேண்டாம், வீட்டம்மாவுக்கும் சொல்லுங்கள். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அம்மாவின் பையிலிருந்த துப்பாக்கியை எடுத்தான். வெடித்தது. அம்மா அங்கேயே போய்விட்டார். அவர் லைசென்ஸ் உள்ளவர். டெக்சஸில் நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கையில் கிடைத்தால் வைத்தவருக்குக் குற்றம்.

லைசென்ஸ் கட்டாயமில்லை என்றாலும் எடுத்துவிடுங்கள். கட்டணம் 40 டாலர், முதல் தடவை நாலு வருடம் செல்லும். பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது ஃபெடரல் சட்டம். அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடப் போகிறவர் அந்த விலக்கை இழக்கிறார். இன்னும் சில இடங்கள்: மது விற்பனையே பாதிக்கு மேல் வருமானமாக உள்ள பார், கோர்ட், ஃபெடரல் கட்டிடங்கள். சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்குப் போகிற ஆபீசும் அதில் சேர்த்தி. கோயிலில் சட்டம் தானாகத் தடுக்காது, ஆனால் வாசலில் 30.06 என்று போட்ட பலகை இருந்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பேர்லண்ட் மீனாட்சி கோயிலானாலும் எதுவானாலும் செருப்பைக் கழற்றும்போதே பலகையைப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே தவறைச் செய்கிற பக்கத்து வீட்டுச் சிட்டிசன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால், அமெரிக்கா வந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், நாடுகடத்த அதுவே காரணமாகலாம். குடித்துவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே திரிந்தது கூட. இங்கே உள்ளூர் கோர்ட்டில் "டிஃபர்டு அட்ஜுடிகேஷன்" (தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவது) என்று ஒன்று தருவார்கள், கன்விக்‌ஷனே ஆகாது, கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். டெக்சஸ் கணக்கில் அது சரி. குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்கினால் இமிக்ரேஷன் சட்டத்தின் கணக்கில் அதுவும் கன்விக்‌ஷன்தான். கையெழுத்துப் போட்டு மூன்று வருடம் கழித்து, ஊரிலிருந்து திரும்பும்போது ஏர்போர்ட்டில் தெரிந்துகொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கடைசியாக, மே மாதப் பயணம். நண்பரின் துப்பாக்கி எந்தப் பையில் வந்தது? அந்தப் பை வீட்டில் இருக்கிறதா? பையின் மூலையில் ஒரு 9 எம்எம் தோட்டா தங்கிப்போய், அதையே சூட்கேஸாக எடுத்துக்கொண்டு இந்தியா போய், ஸ்கேனரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுதச் சட்டம் 25-வது பிரிவில் வழக்கு, பாஸ்போர்ட் போலீஸ் கையில். 9 எம்எம் அங்கே தனியாருக்குத் தடை செய்த ரகம். தெரியாமல் இருந்தது என்று நிரூபித்தால் ஹைகோர்ட்டில் வழக்கை ரத்து செய்ய வழி உண்டு, ஆனால் கல்யாண மண்டபத்தில் உங்களைக் காணவில்லை என்று எல்லோரும் கேட்டு முடித்த பிறகுதான் அது நடக்கும். அந்தப் பையை நண்பரிடமே கொடுத்தனுப்புங்கள். நீங்கள் எடுத்துப்போகிற பையைக் கட்டில்மேல் கவிழ்த்து உதறிப் பாருங்கள், பக்கவாட்டு ஜிப்பையும் திறந்து.