வாங்கும் முன் கேளுங்கள்: சென்சாரைச் சுற்றிக் கசியும் கூலண்ட்

கேள்வி: என் பழைய காரில் டெம்பரேச்சர் சென்சாரைச் சுற்றிப் பச்சை நிறப் பொடி படிந்து, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மெல்லக் கசிகிறது. சென்சார் பொருந்தியிருக்கும் தெர்மோஸ்டாட் கூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மேலே உள்ள ஹோஸின் கிளிப் தளர்ந்து, அங்கிருந்து வழியும் கூலண்ட் சென்சாரைச் சுற்றித் தேங்கிக் காய்வதும் உண்டு. இன்ஜின் ஆறிய பின் அந்த இடத்தைத் துடைத்து உலர்த்திவிட்டு, ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் கைப்பம்பால், மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை மட்டும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினை ஓட்டாமலேயே துளிர்க்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சென்சார்தான் என்று உறுதியானால் அதைக் கழற்றி மரையைப் பாருங்கள். நுனியை நோக்கிக் குறுகும் மரை என்றால் மரையே கசிவை அடைக்கிறது. அதற்கு வாஷர் வேண்டாம், மரைக்கான சீலன்ட் மெல்லியதாகப் பூசினால் போதும். நேரான மரை என்றால் பெரும்பாலும் தலைக்கு அடியில் உள்ள வாஷர்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கி இறுகிய செம்பு வாஷரை மீண்டும் போடாமல் புதியதை வாங்குங்கள். மரை அழிந்திருந்தாலோ, கூட்டில் விரிசலோ அரிப்போ இருந்தாலோ மட்டுமே கூட்டை மாற்றும் பேச்சுக்கு இடம் உண்டு.

கேள்வி: சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியதும் கசிவு நின்றது; ஆனால் வெப்பநிலை காட்டும் கேஜ் முள் மேலே எழவே இல்லை.

பதில்: ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. சென்சாரின் உடலுக்கும் இன்ஜினுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மின்தடை ஏறக்குறைய பூஜ்யமாக இல்லையென்றால் டேப்பை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: கசிவை அடைக்கும் திரவம் இரண்டு பாட்டில் ஊற்றினேன். இப்போது ஹீட்டரில் சூடே வரவில்லை. எந்த நிறுவனத்தின் திரவம் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். கசிவு எங்கே என்று பார்க்காமல் ஊற்றியிருக்கிறீர்கள்; கசியும் துளைக்கும் ஹீட்டரின் மெல்லிய குழாய்க்கும் அந்தத் திரவத்துக்கு வேறுபாடு தெரியாது. முழுவதையும் வடித்து, ஹீட்டரை அலசுங்கள்.

கேள்வி: "எல்லாப் பழைய வண்டிகளுக்கும் பொருந்தும்" என்று விற்ற சென்சார், சில சுற்றுகளுக்குப் பின் இறுகி நின்றது, கசிவும் அதிகரித்தது. பொருத்திவிட்டதால் பணம் தர முடியாது என்கிறார் விற்றவர்.

பதில்: தவறு உங்களுடையது அல்ல. பொருந்தும் என்று எழுதி விற்றவர் அவர். பொருத்திப் பார்க்காமல் பொருந்தவில்லை என்று எப்படி அறிவது? விளம்பரத்தின் படம், ரசீது, மரையின் அளவு ஆகிய மூன்றையும் இணைத்து எழுத்துமூலம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

பெட்டியின் மேல் மரை அளவையும் மின்தடையையும் அச்சிடாமல் விற்கும் இந்தப் பழக்கம் எனக்கு நெடுநாளாகவே ஆறாத மனக்குறை. நுனியை நோக்கிக் குறுகும் அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி.யில் 'எட்டில் ஒரு அங்குலம்' என்பது பெயர் மட்டுமே; அதன் விட்டம் ஏறத்தாழ 10.3 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 27 மரைகள். மெட்ரிக் மரையான எம் 10-இன் விட்டம் 10 மில்லிமீட்டர், அதன் நுண்மரை வகைகளில் ஒன்றில் இடைவெளி 1 மில்லிமீட்டர். ஒன்றின் துளையில் மற்றொன்று தொடக்கத்தில் ஏறும், பிறகு கடிக்கும். அந்நிலையில் ஸ்பேனரை அழுத்தினால் அலுமினிய வார்ப்பு பிளந்துவிடும். மரை சரியாக இருந்தாலும் போதாது. நான் வாங்கி ஏமாந்த ஒரு சென்சார் ஒரு துளியும் கசியவில்லை; ஆனால் இன்ஜின் இயல்பாக ஓடும்போதே முள் சிவப்பைத் தொட்டது. வெந்நீரில் வைத்து அளந்தபோது அதன் மின்தடை பழைய சென்சாருடையதில் பாதிகூட இல்லை; மின்தடை குறைந்தால் முள் மேலேறும். ஆகவே மரை, குளிர்ந்த நிலையின் மின்தடை, கொதிநீரில் மின்தடை ஆகியவற்றைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: நேரத்தை மிச்சப்படுத்த, இன்ஜின் சூடாக இருக்கும்போதே சென்சாரைக் கழற்றலாமா?

பதில்: கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். வழி கிடைத்த கணமே முகத்தில் பீறிடும். ஆறிய பின் வடித்ததையும் திறந்து வைக்காதீர்கள். பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு, நாயோ பூனையோ நக்கினால் உயிர் போய்விடும்.